ஒன்றரை நிமிடத்தில் முடியாத பாட்டு

சுவிசில் லா ஷோ-து-ஃபோன் நகரின் கடைசி வீட்டையும் தாண்டி, கணவாய்க்கு ஏறும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். மே மாதம், மாலை ஏழு மணி. வெளிச்சம் நன்றாகவே இருந்தது. புல்வெளி ஓரங்களில் அழுக்குப் பனி இன்னும் கரையாமல் கிடந்தது. தோளில் ஒரு பை. அதற்குள் என் சொந்த ஹெட்போன், ஒரு டார்ச், ஒரு சோடி வேலைக் கையுறை. கம்பனி தந்த மேற்சட்டையைக் கழற்றி வேனின் முன் இருக்கையில் மடித்து வைத்துவிட்டு வந்திருந்தேன். நொஷாட்டலில் இருந்த என் அறைக்கு இன்னும் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கோபத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருக்க எனக்கு வராது. நடந்தால் கால் தன் வேலையைச் செய்யும், தலை தன் வேலையைச் செய்யும்.

ஒலி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், என் அனுபவத்தில் நல்லபடி நடந்த நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். நல்லபடி நடந்தவை எனக்கு நினைவில் இல்லை. நல்லபடி நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேபிளைச் சுருட்டுவோம், பெட்டியைத் தூக்குவோம், வீட்டுக்குப் போவோம். ஆகவே கெட்டுப்போன ஒன்றை எழுதுகிறேன். கெடுத்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பு, பாங்கொக், மிலான் என்று இருந்துவிட்டுச் சுவிசுக்கு வந்தேன். கூர் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் வெளுத்தேன். லா ஷோ-து-ஃபோனில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் தரை துடைத்தேன். அதுவரை எந்த வேலையிலும் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. ஒலிக்கு வந்தது பெட்டி தூக்கத்தான். ஒரு நாள் ஒலியை ஏற்றி இறக்கும் மேசைக்குப் பின்னால் நிற்கவேண்டியவருக்குக் காய்ச்சல். வேறு ஆள் இல்லை. நின்றேன். காது சரியாக வேலை செய்தது, அதனால் அங்கேயே நிற்க விட்டார்கள்.

எனக்கு இசை எழுத்து வாசிக்கத் தெரியாது. பிரெஞ்சு அரைகுறை. அதனால் என் வழி வேறு. நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே பாட்டுகளைத் தேடி எடுத்து, வேலைக்குப் போகும் ரயிலில் முப்பது நாற்பது தடவை கேட்பேன். எந்த விநாடியில் கித்தார் ஏறுகிறது, எங்கே எல்லாம் நிற்கிறது, எங்கே பாடகன் மூச்சு வாங்குகிறான் என்று சின்னக் கொப்பியில் குறித்துவைப்பேன். மொழி தெரியாத பாட்டைக்கூடச் சொந்த ஊர்த் தெருவைப் போல நடந்து பழகிவிடுவேன். இதில் எனக்குப் பெருமை இருந்தது. பெருமை இருந்த இடத்தில்தான் சறுக்கினேன்.

அந்த வருடம் லா ஷோ-து-ஃபோனின் கண்காட்சி மண்டபத்தில் இரண்டு நாள் அனிமே விழா. ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களை அனிமே என்கிறார்கள் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை, எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மண்டபத்துக்குள் காலை பத்து மணிக்கே நீலத் தலைமுடியும் அட்டை வாளுமாகப் பிள்ளைகள் நடமாடினார்கள். பல்லு வைத்தியரின் உதவியாளராக வேலை பார்க்கும் ஒரு பெண் நரிவால் கட்டிக்கொண்டு என்னிடம் வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டார். நானும் மரியாதையாகக் காட்டினேன். இரண்டாம் நாளான சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு ஜப்பானிலிருந்து வந்த ஒரு ரொக் குழு. நான்கு பேர். ஒரு புகழ்பெற்ற தொடரின் தொடக்கப் பாட்டு அவர்களுடையது. அந்த ஒரு பாட்டுக்காகத்தான் லியோனிலிருந்தும் மிலானிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள்.

எங்கள் கம்பனி சின்னது. ஒலியும் ஒளியும் ஒரே மேசையில், அந்த மேசையில் நான் ஒருவன். மொழிபெயர்க்க மிதுஷா என்று ஒரு பிள்ளை. இங்கே பிறந்தவள், வயது இருபத்துமூன்று, நொஷாட்டலில் படித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதில் இந்தப் பாட்டுகளின் சொற்களைப் பாடமாக்கத் தொடங்கி, பிறகு முறையாகவே ஜப்பானிய மொழி படித்தவள். விழாவுக்குத் தன்னார்வமாக வந்திருந்தாள். என்னை ‘மாமா’ என்றாள். அவளுடைய தகப்பனை எனக்குக் கோயிலில் கண்ட பழக்கம்.

குழுவோடு ஹாருகா என்று ஒரு பெண்ணும் வந்திருந்தார். இருபத்தாறு வயது இருக்கும். மேடைக்குப் பின்னால் அவருடைய கணினி. மேடையில் நான்கு பேர்தான், ஆனால் பாட்டில் வயலினும் இருக்கும், கோரசும் இருக்கும். அவையெல்லாம் அந்தக் கணினியிலிருந்து வரும். டிரம் அடிப்பவர் காதுக்குள் தாளம் கேட்டபடி அதோடு சேர்ந்து அடிப்பார். ஹாருகாவுக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். முந்தைய பயணத்தில் அதே கணினியைப் பார்த்த ஆளை, ஒரு நிகழ்ச்சி கெட்டதற்காகப் பாதிவழியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

“அதுதான் மாமா, அவ மூண்டு தரம் எல்லா வயரையும் பாக்கிறா,” என்றாள் மிதுஷா. “சாப்பிடவும் இல்லை.”

ஒத்திகைக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். முழுப் பாட்டுகளைப் பாடவில்லை. ஒவ்வொன்றிலும் தொடக்கமும் உச்சமும் மட்டும் பாடிப் பார்த்தார்கள். அந்தப் புகழ்பெற்ற பாட்டையும் அப்படித்தான். நான் ரயிலில் கேட்டது போலவே வந்தது: மெதுவான தொடக்கம், பாய்ச்சல், உச்சம், பிறகு எல்லோரும் ஒரே அடியில் நிற்பது. நின்றதும் பாடகன் கையை உயர்த்தி, போதும் என்றான். என் கொப்பியில் அந்த இடத்தில் ஏற்கெனவே குறித்திருந்தேன்: ‘முடிவு. ஒலி இறக்கு. விளக்கு அணை.’

குழுவின் மேலாளர், கறுப்புச் சட்டை போட்ட மெலிந்த மனிதர், பாட்டுப் பட்டியல் ஒன்று தந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் நேரம் எழுதியிருந்தது. அந்தப் பாட்டுக்கு நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அடுத்த வரியில் ‘பேச்சு’ என்று இருந்தது. நான் ரயிலில் கேட்ட பாட்டு ஒன்றரை நிமிடம், மிச்சம் அவர்கள் மக்களோடு பேசுகிற நேரம், அதையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டினேன். மிதுஷா பத்தடி தள்ளி நின்றாள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெரியாத இடத்தை நானே நிரப்பிக்கொண்டேன். இந்தத் தொழிலில் நான் கண்ட விபத்துகளில் பாதி இப்படித்தான் நடந்தவை. இயந்திரம் கெட்டதால் நடந்தவை குறைவு.

நான்கு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் கையில் நிறம் மாறும் விளக்குக் குச்சிகள் வைத்திருந்தார்கள். பாட்டுக்குப் பாட்டு நிறத்தை மாற்றினார்கள். எந்தப் பாட்டுக்கு எந்த நிறம் என்று அவர்களுக்குள் ஒரு ஒழுங்கு. யாரும் கட்டளையிடவில்லை. எல்லாக் கையும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கியது. ஐந்தாவதாக அந்தப் பாட்டு. முதல் சத்தம் வந்ததுமே குச்சிகள் எல்லாம் சிவப்பாகின. ஜப்பானிய மொழியில் ஒரு வசனம் கதைக்கத் தெரியாத ஆயிரம் பேர் ஒரு சொல் பிசகாமல் பாடினார்கள். நான் மேசைக்குப் பின்னால் நின்று, நாற்பது தடவை நடந்த தெருவில் இன்னொரு முறை நடந்தேன். உச்சம் வந்தது. எல்லோரும் ஒரே அடியில் நின்றார்கள். நான் ஒலியை இறக்கினேன். விளக்கை அணைத்தேன். மிகச் சுத்தமான வேலை. என்னையே மெச்சிக்கொண்டேன்.

மண்டபத்தில் பெரும்பாலானவர்கள் கைதட்டினார்கள். அவர்களும் என்னைப் போலத் தொலைக்காட்சியில் வரும் அளவை மட்டும் கேட்டவர்கள்தானே. தொகுப்பாளர் தன் மைக்கோடு மேடைக்கு ஏறி, இருட்டில் பாடகன் மேல் மோதிக்கொண்டார். ஆனால் டிரம் திரும்பவும் அடிக்கத் தொடங்கியது.

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். நான் இறக்கியது மண்டபத்துக்குப் போகும் ஒலியை மட்டும். மேடையில் இருந்தவர்களுக்குக் காதுக் கருவிக்குள் எல்லாம் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் இரண்டாம் பந்திக்கு, அதாவது அடுத்த சரணத்துக்குப் போய்விட்டார்கள். இருட்டில், சத்தமில்லாமல், தங்களுக்கு மட்டும் கேட்கிற ஒரு பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே கேட்டது டிரம்மின் வெறும் தோல் சத்தம் மட்டுமே.

டிரம்காரர் விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் முன்வரிசையைப் பார்த்தேன். அங்கே இருபது குச்சிகள் இருக்கும், இருட்டில் இன்னும் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தன. மற்றவர்கள் கைதட்டி முடித்து நிற்கும்போது அந்த இருபது பேர் மட்டும் பாடிக்கொண்டிருந்தார்கள். முழுப் பாட்டையும் தெரிந்தவர்கள். பாட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எனக்குச் சொன்னது அந்தக் குச்சிகள்தான்.

கை தானாகவே ஒலியை ஒரேயடியாக மேலே தள்ளப் போனது. நிறுத்தினேன். இருட்டில் அமைதியாக நிற்கிற ஆயிரம் பேரின் காதில் முழுச் சத்தத்தையும் அறைந்தால், பிழைக்கு மேல் பிழை. முதலில் டிரம்மை ஏற்றினேன். அதன் கீழே பேஸ் கித்தார். அடுத்த சுற்றில் கித்தார். பாடகன் மூச்சு வாங்கும் இடத்துக்குக் காத்திருந்தேன். அந்த இரண்டாம் பந்தியை நான் ஒருபோதும் கேட்டதில்லை. முன்வரிசைக் குச்சிகளின் வெளிச்சத்தில் அவன் தோளைப் பார்த்துத்தான் மூச்சைக் கண்டுபிடித்தேன். தோள் ஏறியது. குரலையும் விளக்கையும் ஒன்றாகத் திறந்தேன். மண்டபம் அலறியது. வேண்டுமென்றே செய்த வித்தை என்று பாதிப் பேர் நினைத்திருப்பார்கள். மொத்தம் பதினெட்டு விநாடி இருக்கும். அந்தப் பதினெட்டு விநாடியின் பின்பாதியை நான் சரியாகச் செய்தேன். அதற்காக முன்பாதி சரியாகிவிடாது.

நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். எங்கள் முதலாளியும் ஓடி வந்திருந்தார். அடுத்த வருடம் விழா முழுவதையும் எங்கள் கம்பனிக்கே தருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மேலாளர் ஒரு மேசையில் வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்துவிட்டு நின்றார். நான் வேலை செய்த ஜப்பானியக் குழுக்கள் எல்லாவற்றிலும் இந்த வழக்கத்தைக் கண்டிருக்கிறேன். பிழை நடந்தால் சத்தம் போட மாட்டார்கள். எழுதித் தரச் சொல்வார்கள்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள். கீழே ஒரு பெயரும் கையெழுத்தும். அவ்வளவுதான். சத்தம் போடுவது அதைவிட நூறு மடங்கு இலகுவாக இருக்கும்.

ஹாருகா கணினியை நெஞ்சோடு அணைத்தபடி மேலாளர் முன்னால் இடுப்பு வரை குனிந்து நின்றார்.

“என்ன சொல்லுறா?” என்று மிதுஷாவிடம் கேட்டேன்.

“மன்னிப்புக் கேக்கிறா.”

“எதுக்கு?”

“நடந்ததுக்கு. தன்ர பிழையோ எண்டு அவவுக்கே தெரியாது மாமா. ஆனா மேடைக்குப் பின்னால நிண்டது அவ. முதல்ல மன்னிப்பு, பிறகுதான் காரணம். அவையள் அப்பிடித்தான்.”

முதலாளி அந்தக் குனிவைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. என்னை ஓரமாக இழுத்தார்.

“பார்த்தாயா? அவளே ஒத்துக்கொண்டாள். விஷயம் முடிந்தது,” என்றார். “அவளுடைய கணினியிலிருந்து பயங்கரமான ஒரு சத்தம் வந்தது. மக்களின் காதைக் காப்பாற்ற நீ ஒலியை இறக்கினாய். பிறகு கவனமாகத் திரும்ப ஏற்றினாய். அப்படித்தானே?”

“அப்படி இல்லை,” என்றேன். “பாட்டு முடிந்தது என்று நினைத்தேன்.”

“நீ என்ன நினைத்தாய் என்று யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியும்.”

அவர் பொறுமையாகவே பேசினார். கெட்ட மனிதர் இல்லை. குளிர்காலத்தில் எனக்குச் சப்பாத்து வாங்கித் தந்தவர். “ஆகஸ்டில் உன் பி அனுமதி விண்ணப்பம் போகிறது,” என்றார். “ஒன்பது வருடமாக எஃப் அட்டையோடு இருக்கிறாய். வேலைக் கடிதம் இல்லாமல் அந்த விண்ணப்பத்தை யார் திறந்து பார்ப்பார்கள்? அந்தக் கடிதம் நான் எழுதுவது. அவள் யார் உனக்கு? நாளைக்கு விமானம் ஏறிப் போய்விடுவாள்.”

எஃப் அட்டை என்றால் உங்கள் பெற்றோருக்குத் தெரியும். தற்காலிகமாக இருக்க விட்டிருக்கிறோம், எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்வோம் என்று பொருள். எல்லை தாண்டக் கூடாது. பி அட்டைதான் முறையான வதிவிட அனுமதி. ஒன்பது வருடம் அதோடு இருந்தேன். அவர் சொன்ன கணக்கில் பிழையே இல்லை. அந்தப் பொய் என்னை வீரனாகவும் ஆக்கியிருக்கும்.

ஆனால் தன் பிழையா என்று தெரியாமலே தலை குனிந்து நிற்கிற ஓர் ஆளின் முதுகில், என் பிழையை ஏற்றிவிட்டுப் போவதா? எனக்கும் அப்படி ஏற்றியிருக்கிறார்கள். கூரில் யாரோ கருக்கிய விரிப்புக்கு நான் பதில் சொன்னேன், பாஷை தெரியாததால். அது எப்படி இருக்கும் என்று எனக்குப் படித்துத் தெரியவேண்டியதில்லை.

முதலாளி மிதுஷாவைக் கூப்பிட்டு, பிரெஞ்சில் தான் சொல்வதை மேலாளருக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள்.

“மாமா, இவர் சொல்லுறதை நான் எழுதோணுமோ?”

“நீ மொழிபெயர்க்கிறனி, பிள்ளை. பொய் அவருடையது.”

“என்ர கையாலதானே போகுது.”

அவள் சொன்னது சரி. “அப்ப நான் தமிழில எழுதித் தாறன்,” என்றேன். “அதை நேராவே அவையின்ர பாஷையில போடு. பிரெஞ்சுப் பக்கம் போக வேண்டாம்.”

கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தேன். நான்கு வரி எழுதினேன். ‘பாட்டு ஒன்றரை நிமிடம் என்று நினைத்தேன். ஒலியை இறக்கியது நான். கணினியில் எந்தப் பிழையும் இல்லை. இனி முழுப் பாட்டையும் கேட்காமல் மேசைக்கு வர மாட்டேன்.’ கையெழுத்தைப் போட்டேன்.

மிதுஷா வாசித்துவிட்டுச் சிரிப்பை அடக்கினாள். “ரீவியில போறதைக் கேட்டோ பழகினனீங்கள்? அது தொடர் தொடங்கேக்க போடுற ஒண்டரை நிமிசத் துண்டு மாமா. முழுப் பாட்டு வேற. என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“இப்ப சொல்லு.”

“சரி. ஆனா இதைக் கொஞ்சம் மரியாதையா எழுதோணும். அவையள் இப்பிடி மொட்டையா எழுதமாட்டினம்.”

“மரியாதையை நீ போடு. பிழையை நான் போட்டிட்டன்.”

அவள் எழுதினாள். என் நான்கு வரி அவள் கையில் முக்கால் பக்கமாகியது. அதன் கீழும் கையெழுத்துப் போட்டேன். முதலாளி தன் பொய்தான் எழுதப்படுகிறது என்று நினைத்துத் திருப்தியாகக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். மேலாளர் தாளை இரண்டு முறை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: பட்டியலில் நேரம் எழுதியிருந்ததே, ஏன் கவனிக்கவில்லை? பேச்சையும் சேர்த்த நேரம் என்று நினைத்தேன் என்றேன். அவர் தன் பட்டியலை எடுத்துப் பார்த்தார். பேனாவால் அந்தப் பாட்டின் பக்கத்தில் ஏதோ எழுதினார்.

“முழுப் பாட்டு எண்டு எழுதுறார்,” என்றாள் மிதுஷா. “இதை முதலே எழுதாதது தங்கட பிழையாம்.”

ஹாருகா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நன்றி சொல்லும் முகமாகத் தெரியவில்லை. என்னவோ கேட்டார். மிதுஷா இந்த முறை சிரித்தேவிட்டாள்.

“நீங்கள் அந்தத் தொடரைப் பாத்தனீங்களோ எண்டு கேக்கிறா.”

“இல்லை. பாட்டு மட்டும் கேட்டனான்.”

“அதுதானாம் பிழை. கதையைப் பாத்திருந்தா, தொடரின்ர கடைசிப் பகுதியில ரெண்டாம் பந்தி வருமாம்.”

பாடகன் துவாயைக் கழுத்தில் போட்டபடி வந்தான். மேலாளர் அவனிடம் தாளைக் காட்டினார். அவன் வாசித்துவிட்டுத் தாளை மேலாளரிடமே திருப்பிக் கொடுத்தான். பிறகு மெதுவாக, முகத்தைத் திருப்பாமல் சொன்னான். மிதுஷா ஒவ்வொரு துண்டாக எனக்குச் சொன்னாள்.

“முதல் பந்தி அந்தக் கதைக்காக எழுதினதாம். இவ்வளவு விநாடிக்குள்ள முடியோணும், இன்ன சொல் வரோணும் எண்டு தொடர் எடுத்த ஆக்கள் கேட்டு எழுதுவிச்சவை. ரெண்டாம் பந்தி தங்களுக்காக எழுதினதாம். அந்தக் கடைசிப் பகுதியைத் தவிர அது ரீவியில போகாது. அதை ஆக்கள் கேக்கோணும் எண்டுதான் நாடு நாடா வந்து பாடுறமாம்.”

அதை நான் இருட்டில் மூடியிருந்தேன். அவன் என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் அவன் தலையில் ஒரு சுமை. தலையசைத்துவிட்டு நின்றேன்.

முதலாளிக்கு விஷயம் விளங்கியது வேனுக்குப் பெட்டிகளை ஏற்றும்போது. விழா அமைப்பாளர் ஒருவர் அவரிடம் வந்து, உங்கள் ஆள் நேர்மையாக எழுதித் தந்தார், மேலாளர் சொன்னார் என்று பாராட்டியிருக்கிறார். பாராட்டுத்தான். அதைக் கேட்ட முதலாளியின் காது சிவந்தது. மிதுஷாவிடம் போனார்.

“அந்தத் தாளில் என்ன எழுதினாய்?”

“அவர் சொன்னதை, மொஸ்யு.”

“நான் சொன்னதை எழுதச் சொன்னேன்.”

“கையெழுத்து அவருடையது, உங்களுடையது இல்லையே,” என்றாள். சிறு பிள்ளை போலத் தெரிந்தவள், அப்போது அப்படித் தெரியவில்லை.

முதலாளி என்னிடம் திரும்பினார். திரும்ப உள்ளே போ, மொழிபெயர்ப்பில் குழப்பம் என்று சொல், வேறு தாள் எழுதிக் கொடு, பத்து நிமிடம் தருகிறேன் என்றார். இல்லாவிட்டால் கடிதத்தை மறந்துவிடு.

இந்த இடத்தில் உங்களில் சிலர் கேட்பீர்கள்: நீ உண்மையை எழுதியாகிவிட்டது, அந்தப் பெண் தப்பியாகிவிட்டது, இனி ஏதாவது ஒரு சமாதானம் சொல்லி வேலையைக் காப்பாற்றியிருக்கக் கூடாதா? கூடாது. அந்தத் தாள் அப்படியே நின்றால்தான் ஹாருகா தப்புவார். இரண்டாவது தாள் வந்தால் முதல் தாள் பொய்யாகிவிடும். பிறகு மேலாளர் எதை நம்புவார்? சொன்ன பிழையைத் திரும்பப் பெறுகிறவன், பிழை செய்தவனைவிட ஆபத்தானவன். மேசையில் அப்படியொருவன் பக்கத்தில் நிற்க நான் விரும்ப மாட்டேன்.

எனக்குப் பத்து நிமிடம் தேவைப்படவில்லை. மிச்சமிருந்த நான்கு பெட்டிகளையும் ஏற்றி, பட்டியைக் கட்டி, கதவைச் சாத்தினேன். வேலையைப் பாதியில் விட்டான் என்ற சொல் வேண்டாம். பிறகு மேற்சட்டையைக் கழற்றினேன். மடித்து முன் இருக்கையில் வைத்துவிட்டு நடந்தேன். அந்த ஆகஸ்டில் என் விண்ணப்பம் போகவில்லை, அடுத்த வருடம்தான் போனது. எஃப் அட்டையோடு பத்து வருடம் தாண்டிய பிறகுதான் பி அட்டை கிடைத்தது. அதன் பிறகு வேறு கம்பனிகளில், உங்களுக்குத் தெரிந்த பல மேடைகளில், ஓய்வு பெறும் வரை நின்றேன். பட்டியலில் உள்ள நேரத்தை விரலால் தொட்டுக் கேட்காமல் ஒரு பாட்டையும் தொடங்கியதில்லை. என்னை அதற்காகக் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

கணவாயின் உச்சிக்கு வந்தபோது தொலைபேசி அடித்தது. மிதுஷா.

“எங்க நிக்கிறியள் மாமா? காத்துச் சத்தம் கேக்குது.”

“மலையில. நடந்து போறன்.”

“விசரோ? ரயில் இருக்குதே.”

“தெரியும். அங்க என்ன மாதிரி?”

“அவையள் வெளிக்கிட்டிட்டினம். ஹாருகாவும் போறா. நாளைக்கு மற்ற நகரத்திலயும் அவதான் கணினி. மேலாளர் எனக்கு முன்னால சொன்னவர்.” பிறகு கேட்டாள்: “உங்கட பெர்மிக்கு, அந்த பி அட்டைக்கு, என்ன செய்யப் போறியள்?”

“பாப்பம்.”

“பாப்பம் எண்டா?”

“பாப்பம் எண்டா பாப்பம். இதைவிடக் கடினமானதெல்லாம் பாத்திட்டன்.”

“அப்பா வேலை செய்யிற முதியோர் இல்லத்தில குசினிக்கு ஆள் தேடுகினம். கோப்பை கழுவுறதுதான். ஒலி இல்லை.”

“எத்தின மணிக்கு வரோணும்?”

“நாளைக்குக் காலமை ஆறரைக்கு. ஞாயிறு எண்டாலும் வரச் சொல்லுவினம்.”

“வாறன் எண்டு சொல்லு.”

கீழே பள்ளத்தாக்கில் ஊர்கள் தெரிந்தன, அவற்றுக்கு அப்பால் ஏரி ஒரு தகடு போலக் கிடந்தது. ஹெட்போனை எடுத்து மாட்டினேன். தொலைபேசியில் அந்தப் பாட்டைத் தேடி, இந்த முறை முழுவதையும் போட்டேன். நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. இறங்கும் வழி முழுக்க இரண்டாம் பந்தியையே கேட்டுக்கொண்டு நடந்தேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. முதல் பந்தியைவிட நன்றாக இருந்தது.

மறுநாள் காலை ஆறேகாலுக்கே முதியோர் இல்லத்தின் பின்கதவில் நின்றேன். கால் கொப்புளித்திருந்தது. தலைமைச் சமையல்காரி பருமனான பெண், கையில் மாவோடு வந்து கதவைத் திறந்தார். எங்கே வேலை செய்தாய், ஏன் விட்டாய், அந்த முதலாளியோடு பேசலாமா என்று ஒரே மூச்சில் கேட்டார்.

“பேசுங்கள்,” என்றேன். “பாட்டின் நடுவில் ஒலியை இறக்கிவிட்டேன் என்று சொல்வார். அது உண்மை. அதற்கு மேல் எதைச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.”

அவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். தொலைபேசியை எடுக்கவில்லை. முந்தைய இரவு முதல் ஊறிக்கொண்டிருந்த பெரிய சூப்புப் பானைகள் பக்கம் கையைக் காட்டினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் பானையைத் தூக்கினேன்.